உதடு விறைத்த மதியம்

ஜெயபுரம்
06.04.1997

பிறின்சி மச்சாளுக்கு,

நலம் விசாரித்து எழுதும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுகிறேன். இங்கே நலமில்லை. நீங்கள் அங்கே நலமா என்று கேட்கும் மனமும் எனக்கு இப்போது இல்லை.

மார்ச் இருபதாம் திகதி காலையில் இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். "ஆண்டியப்பன் ஆர்?" என்று கேட்டார்கள். அப்பா மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். விசாரித்துவிட்டுப் பின்னேரம் அனுப்பிவிடுவோம் என்றார்கள். இன்றைக்குப் பதினெட்டாம் நாள்.

நான் மூன்று தரம் அவர்களின் அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாம் தரம் அங்கே மேசையில் இருந்தவர் ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். உங்கள் எழுத்து. "என் தகப்பனார் அருளப்புவுக்கு ஆண்டியப்பன் என்பவர் காட்டுக் காயொன்றைக் கறியில் கலந்து நஞ்சூட்டினார்." கீழே உங்கள் கையெழுத்து, மாமியின் பெருவிரல் அடையாளம். நீங்கள் இருவரும் வவுனியாவுக்குப் புறப்பட்டதற்கு முதல்நாள் திகதி. முற்றத்தில் என்னிடம் "போட்டு வாறன்" என்று சொன்னபோது அந்தக் கடதாசி ஏற்கெனவே கொடுபட்டுவிட்டது, அல்லவா?

நான் அவரின் மகள் என்பதால் என் சொல் செல்லாதாம். உங்கள் அண்ணன் கலிஸ்ரஸ் என் புருஷன். அவர் சொன்னால் கேட்பார்கள். அவரோ நாச்சிக்குடாவில் மீன் வாடியிலேயே படுத்துக்கொள்கிறார், வீட்டுக்கு வருவதில்லை. ஆளனுப்பிக் கேட்டதற்கு, "செத்தது என்ர அப்பா. அம்மாவைப் பொய்க்காரி ஆக்கச் சொல்லுறாளோ?" என்றாராம். ஆக, எழுதிக் கொடுத்த நீங்கள்தான் திருப்பி எழுதவேண்டும். நான் கேட்பது மன்னிப்பு அல்ல. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கறிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

கண் சத்திரசிகிச்சைக்குப் போகிற ஏரம்பு ஐயாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே சின்னப் பொட்டலத்தில் அந்தக் காய் இருக்கிறது. வவுனியா பெரிய பட்டினம். தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள்.

சிவலட்சுமி


நெளுக்குளம்
03.05.1997

சிவலட்சுமி,

ஏரம்பு ஐயா கடிதத்தைத் தந்தார். பொட்டலத்தை முகாம் வேலிக்கு வெளியே எறிந்துவிட்டேன். நஞ்சைக் கடிதத்தில் வைத்து அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது?

எனக்கு ஒன்பது வயதில் முள்ளிவாய்க்காலில் என் சின்ன மாமா பேத்தை மீன் தின்று செத்தார். ஈரலைச் சரியாகக் கழிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் உதடு விறைக்கிறது என்று சிரித்தார். பிறகு நாக்கு, பிறகு விரல்நுனி. பிறகு மூச்சு எடுக்க முடியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண் மட்டும் கடைசிவரை உயிரோடு இருந்தது. எங்கள் கரையில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: உதடு விறைத்தால் நஞ்சு. உடனே உப்புத்தண்ணீர் பருக்கிச் சத்தியெடுக்கப் பண்ணவேண்டும்.

அப்பாவும் அதே சொல்லைத்தான் சொன்னார். உன் கறியில் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொன்னார். நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கவேண்டுமா?

இன்னொன்று. சோற்றைப் போடும்போது அப்பா உன்னிடம், "மிளகோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் மாமா" என்றாய். நான் குசினி வாசலில் நின்றேன், என் காதால் கேட்டேன். அது மிளகல்ல. ஏன் அப்படிச் சொன்னாய்?

நான் நம்பியதைத்தான் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இனி எனக்கு எழுதவேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் வீண் பிரச்சினை.

பிறின்சி


ஜெயபுரம்
11.06.1997

பிறின்சி,

எழுதவேண்டாம் என்றீர். எழுதுகிறேன். உமக்கும் எனக்கும் இருபத்தாறு வயது. உமது கடிதத்தில் நான் "நீ". என் கடிதத்தில் நீங்கள் "நீங்கள்". என் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது, அவரை உங்கள் வீட்டில் எல்லோரும் "ஆண்டி" என்றுதான் கூப்பிட்டீர்கள். இனி நான் "நீர்" என்றே எழுதப்போகிறேன். அதற்குமேல் இந்தக் கையால் வராது.

கண்டி வீதியில் சண்டை தொடங்கியபிறகு அந்தப் பாதை இல்லை. இது மன்னார்ப் பக்கத்தால் சுற்றி உம்மிடம் வரும், வந்தால்.

நடந்ததை நீர் எழுதமாட்டீர் என்றால் நான் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்தும்.

கிளிநொச்சியை விட்டு நீங்கள் ஓடிவந்தபோது வேறெங்கும் இடமில்லாமல்தான் எங்கள் வளவுக்கு வந்தீர்கள். அதற்கு முதல் ஒன்றரை வருஷம், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தோட்டக்காட்டாள் ஒருத்தியை மகன் கட்டிவிட்டான் என்று மாமா என் முகத்தில் முழித்ததே இல்லை. வந்த பிறகும் மாமி தனியடுப்பு மூட்டினா. எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளினா, எங்கள் விறகை எரித்தா, எங்கள் சட்டியைத் தொடவில்லை. என் அப்பா தன் கொட்டிலை உங்களுக்கு விட்டுவிட்டுத் தறப்பாளுக்குக் கீழே படுத்தார். ஐந்து மாதம்.

மாசியில் மாமாவுக்கு மலேரியா. காய்ச்சல் விட்டதும் வாய் கைத்துப்போய் எதையும் தின்னவில்லை. "மிளகு போட்டுக் குழம்பு வைச்சால் ரெண்டு வாய் இறங்கும்" என்று புலம்பினார். சங்கக்கடையில் மிளகைக் கண்டு எத்தனை மாதம்? அப்பா காட்டுக்குப் போய் அந்த முள்மரத்துக் காய் கொண்டுவந்தார். குளத்து மீனின் சேற்று வெடுக்குக்கு அது நல்லது. நாங்கள் இங்கே பல வருஷமாகப் போட்டுத் தின்கிறோம்.

மாமா தின்றார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "என்னடி இது, உதடு விறைக்குது. பிள்ளை, பேத்தையடி!" என்று கத்தினார். கோப்பை கவிழ்ந்தது. மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தா. அப்பா முற்றத்தில் நின்றபடி கும்பிட்டுச் சொன்னார்: "ஒன்னும் இல்லம்மா. இது அப்படித்தான் மரத்துப் போகும். கால் மணி நேரத்துல விட்டுரும். பாருங்க, நானும் இதத்தான் தின்னேன்." அதே சட்டியில் கையை விட்டு அள்ளி வாயில் போட்டும் காட்டினார். உங்கள் அண்ணன் அவரின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். "தோட்டக்காட்டானுக்கு என்னடா தெரியும் மருந்தும் நஞ்சும்?" அப்பா வேலியில் போய் விழுந்தார்.

உப்பைக் கரைத்தது யார்? அரை வாளி. மாமாவைக் கிடத்திப் பிடித்தது யார்? தாடையைத் திறந்து பிடித்துக்கொண்டு ஊற்றியது யார்? அவர் கையை ஆட்டினார், பிறின்சி. போதும் என்று ஆட்டினார். நான் கண்டேன். மூன்றாம் செம்பில் இருமினார். நான்காம் செம்பு ஊற்றும்போது முகம் நீலம். உழவு இயந்திரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனீர்கள், மூன்றாம் நாள் உடலாகக் கொண்டுவந்தீர்கள்.

அதே சட்டியில் தின்ற அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். அது ஏன் என்று உமது கடதாசியில் ஒரு வரி இல்லை.

சிவலட்சுமி


நெளுக்குளம்
20.07.1997

சிவலட்சுமிக்கு,

உமது கடிதத்தை முதலில் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை.

பொட்டலத்தை எறிந்தேன் என்று எழுதியது பொய். பால்மாப் பேணிக்குள் நிவாரண அட்டையோடு வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்கவேண்டாம்.

நாங்கள் இருப்பது ஒரு பள்ளிக்கூட மண்டபம். சீலை கட்டிப் பிரித்த மூன்று யார் நீள இடம். வெளியே போக ஒரு அனுமதித் துண்டு வேண்டும், பின்னேரம் நான்கு மணிக்குள் திரும்பவேண்டும். முல்லைத்தீவில் எத்தனை தோணி வைத்திருந்தோம் என்று அம்மா பக்கத்துச் சீலைக்காரருக்குச் சொல்வா. அவர்கள் எத்தனை ஏக்கர் வைத்திருந்தார்கள் என்று திருப்பிச் சொல்வார்கள். தண்ணீர் வண்டி வந்ததும் இரண்டு பகுதியும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும். செபமாலை முடிய அம்மா ஒரு செபம் தன்பாட்டில் சேர்க்கிறா: "நஞ்சு வைச்சவனுக்கு நீரே தீர்ப்புக் கொடும் ஆண்டவரே." நான் ஆமென் சொல்லவேண்டும். சொல்கிறேன்.

சந்திக்கடையில் ஒரு முஸ்லிம் அக்கா சாக்கு விரித்துச் சரக்குச் சாமான் விற்கிறா. பெயர் மஸீனா. நான் வாயைத் திறந்ததும், "நீங்கள் முல்லைத்தீவுக் கரைதானே?" என்றா. அவாவும் அந்தப் பட்டினம்தான். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை எழும்பிப் போகச் சொன்னபோது கையில் ஒரு பையோடு வந்தவ. காயைக் காட்டினேன். நகத்தால் கீறி மணந்து பார்த்தா. "தேசிக்காய்த் தோல் மணக்குது. மிளகுமில்லை, ஏலமுமில்லை. எனக்குத் தெரியாது பிள்ளை" என்றா.

"நஞ்சா அக்கா?"

"தெரியாத சரக்கை நான் விக்கமாட்டன். தெரியாத சரக்கை நஞ்செண்டும் சொல்லமாட்டன். எங்களையும் உப்பிடித்தானே, என்ன ஏதெண்டு ஒருத்தரும் கேக்காமல் அனுப்பினது. உங்கட ஆக்கள் வேலிக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அந்த நாள் நானும் வேலிக்குள்தான் நின்றேன்.

உமது கடிதத்தில் இருப்பதில் பெரிதாகப் பிழையில்லை. ஆனால் நான் கேட்ட ஒன்றுக்கு நீர் பதில் எழுதவில்லை. "ஓம் மாமா" என்று ஏன் சொன்னீர்? உமக்கே அந்தக் காயில் நம்பிக்கை இருந்திருந்தால் ஏன் அதன் பெயரை மறைத்தீர்? இதற்குப் பதில் தெரியாமல் நான் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, காயை எப்படித் தின்பது என்றும் எழுதும்.

பிறின்சி


ஜெயபுரம்
15.08.1997

பிறின்சிக்கு,

முதலில் நீர் கேட்டதற்குப் பதில்.

மாமா என் கையால் ஒரு பிடி சோறு தின்றதில்லை. அன்றைக்கு மாமியும் காய்ச்சலில் கிடந்ததால் முதல் தடவையாக என் சட்டியிலிருந்து போட்டேன். மிளகோ என்று கேட்டார். இல்லை மாமா, அப்பா காட்டிலிருந்து கொண்டுவந்த காய் என்றால் கோப்பையைத் தள்ளிவிடுவார். எனக்குத் தெரியும். அதனால் ஓம் என்றேன். இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் நம் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு சட்டிக்குப் பத்துக் காய் போதும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். மாமாவின் வாய்க்கு உறைக்கவேண்டுமென்று நான் ஒரு பிடி போட்டேன். விதையை எடுக்காமல் இடித்தேன். அவ்வளவு விறைத்தது அந்தப் பிடியால்தான். எங்களுக்குப் பழக்கம், அவருக்கு இல்லை. பொய்யும் நான் சொன்னது, பிடியும் நான் போட்டது. அப்பா போடவில்லை. நான் உள்ளே இருக்கவேண்டிய இடத்தில் அவர் இருக்கிறார். இதை நான் அங்கே போய்ச் சொன்னேன். "தகப்பனைக் காப்பாத்தக் கதை கட்டுறாய்" என்றார்கள்.

இனி மரம். இரண்டு ஆள் உயரத்துக்குமேல் கிளையில்லாமல் நேரே போகும். அடிமரம் முழுக்க முள். ஆனால் இலந்தை முள்போல ஊசியாக இருக்காது. அடியில் தடித்து, நுனியில் கூர்ந்து, முலைபோல நிற்கும். கையால் தட்டினால் அப்படியே பெயர்ந்துவிடும். இலை வேப்பிலைபோல ஈர்க்கின் இரண்டு பக்கமும் இருக்கும். கசக்கினால் தேசிக்காய், அப்பா சொல்லும் எலுமிச்சை, மணக்கவேண்டும். மணம் இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். முள்ளை மட்டும் பார்த்து எடுக்கக்கூடாது, மணத்தை மட்டும் பார்த்தும் எடுக்கக்கூடாது. முள், இலை, மணம், காய் நான்கும் ஒன்றாக இருந்தால்தான் அந்த மரம். காய் கொத்தாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். காய்ந்தால் வாய் பிளந்து உள்ளே கறுத்த விதை மினுங்கும். விதையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் தின்பது. பாதித் தோல் போதும். முன்பல்லால் கடித்து நாக்கு நுனியில் வையும். முதலில் தேசிக்காய், பிறகு மிளகு, பிறகு எறும்பு ஊர்வதுபோல இருக்கும், பிறகு விறைக்கும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரும்.

அப்பாவை ஒருமுறை பார்க்க விட்டார்கள். பங்கர் வெட்ட விட்டிருக்கிறார்கள். கை வெடித்திருந்தது. காய்ச்சலும் இருக்கிறது. விசாரணையில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "இந்த மரத்துக்குத் தமிழில என்ன பேர்?" அப்பாவுக்குத் தெரியாது. பதுளைப் பக்கத் தோட்டத்தில் இருக்கும்போது பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் சொல்லித்தான் அந்தக் காய் அவருக்குத் தெரியும். "கட்டுகீனன்னு சொல்லுவாங்கய்யா" என்றிருக்கிறார். "அப்ப சிங்களப் பேர் மட்டும் தெரியும்? ஆமி நிக்கிற பக்கத்துக் காட்டுக்குள்ள ஏன் போனாய்?" என்று அங்கே பிடித்துக்கொண்டார்கள். எழுபத்தேழில் தமிழன் என்று சிங்களவன் அடித்துத் துரத்தினான். இங்கே வந்து காடு வெட்டி இருபது வருஷம். இன்றைக்கு ஒரு மரத்தின் பெயரை வைத்து இவர்கள் அவரைச் சிங்களவனுடைய ஆள் ஆக்குகிறார்கள். ஆறு வயதில் அந்த லொறியில் நானும் வந்தேன். எந்தப் பக்கம் இறங்கினால் நாங்கள் மனிதர் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மழைக்கு முதல் அவர் வெளியே வராவிட்டால் அந்தக் காய்ச்சலோடு தாங்கமாட்டார்.

சிவலட்சுமி


நெளுக்குளம்
14.09.1997

சிவலட்சுமிக்கு,

தின்றேன்.

போன வியாழன் காலை பத்தேகால் மணிக்கு, மஸீனா அக்காவின் சாக்குக்குப் பக்கத்தில் இருந்து. "ஏதும் நடந்தால் நான்தான் தந்தனான் எண்டு வரும், வேண்டாம் பிள்ளை" என்று அவா கெஞ்சினா. நானே கொண்டுவந்தேன் என்று கடதாசியில் எழுதி அவாவின் கையில் கொடுத்துவிட்டுக் கடித்தேன்.

நீர் எழுதியபடிதான். தேசிக்காய், மிளகு, எறும்பு. பிறகு உதடு காணாமல் போனது. தொட்டுப் பார்த்தேன், வேறு யாருடையதையோ தொட்டதுபோல இருந்தது. அந்த நேரம் எனக்கு உமது விளக்கமும் ஞாபகமில்லை, கடிகாரமும் ஞாபகமில்லை. சின்ன மாமாவின் கண் மட்டும்தான். எழும்பித் தண்ணீருக்கு ஓடப்பார்த்தேன். மஸீனா அக்கா கையைப் பிடித்து இருத்தினா. "இரு. மூச்சு எடு. எடுக்க முடியுதோ? அப்ப இரு." அவ்வளவுதான் அவா செய்தது. பத்தரைக்கு நாக்கு திரும்பியது. பதினொன்றுக்குத் தேநீர் குடித்தேன், சூடு தெரிந்தது.

அன்றைக்கு எங்களில் ஒருவர் அப்பாவை அப்படிப் பிடித்து இருத்தியிருந்தால் போதும். உமது அப்பா அதைத்தான் சொன்னார்.

இனி எழுதப்போவதை இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டாம் நாள் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "நஞ்சின்ர குறி ஒண்டும் இல்லை. மூச்சுக்குழாய்க்குள்ள தண்ணி போய்ச் சளி கட்டியிருக்கு. ஆர் இவருக்குத் தண்ணி பருக்கினது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் சட்டைக் கையில் அந்த உப்பு அப்போதும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உள்ளே போனபோது அம்மா, "என்னவாம்?" என்றா. "நஞ்சுதானாம்" என்றேன். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் மற்றதெல்லாம். கடதாசியை எழுதும்போது அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். தெரிந்துகொண்டு எழுதினேன். நான் நம்பியதை எழுதினேன் என்று உமக்கு எழுதியதும் பொய்.

இத்துடன் வேறு தாளில் வாக்குமூலம் வைத்திருக்கிறேன். காயில் நஞ்சில்லை, நானே தின்று பார்த்தேன், தண்ணீர் ஊற்றியது நான், டொக்டர் சொன்னது இது, ஆண்டியப்பன் ஐயா தடுத்தார், நாங்கள் கேட்கவில்லை. கையெழுத்து வைத்திருக்கிறேன். மஸீனா அக்கா சாட்சி.

அம்மாவுக்கு நேற்றுச் சொன்னேன். சீலைக்கு அப்பால் எல்லோரும் கேட்டார்கள். அம்மா பாயை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குடும்பத்தோடு போய்ப் படுத்துவிட்டா.

பிறின்சி


ஜெயபுரம்
30.10.1997

பிறின்சிக்கு,

உமது கடிதம் பத்தொன்பதாம் திகதி கிடைத்தது. அன்றைக்கே கொண்டுபோனேன்.

இரண்டு தரம் வாசித்தார்கள். "இது அந்தப் பிள்ளையின்ர எழுத்துத்தான் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? வெளியில இருந்து ஆர் சொல்லி எழுதினதோ" என்றார்கள். முறைப்பாடு கொடுத்தவர் நேரில் வந்து திருப்பி எடுக்கவேண்டுமாம். வந்தால், தண்ணீர் ஊற்றிய விஷயத்தை அதற்குப் பிறகு தனியாகப் பார்ப்பார்களாம். எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். வாக்குமூலத்தை மடித்து என் கையில் தந்தார்கள்.

உங்கள் அண்ணனிடம் வாக்குமூலத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். வாசித்துவிட்டு, "இதில நான் எங்க?" என்றார். மாமாவின் காலைப் பிடித்தவர் அவர். என் அப்பாவைத் தள்ளியவர் அவர். தாளைத் திருப்பித் தந்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது சரியான கேள்விதான், பிறின்சி. நீர் எல்லாவற்றையும் உம்முடைய தலையில் போட்டு எழுதியிருக்கிறீர். அண்ணன் இல்லை, மாமி இல்லை, நான் சொன்ன "ஓம் மாமா"வும் இல்லை. பெருந்தன்மையென்று நினைத்தீராக்கும். மேசையில் இருந்தவர் அதைத்தான் பிடித்தார்: "ஒரு பொம்பிளைப் பிள்ளை தனியா ஒரு ஆம்பிளையைக் கிடத்தித் தண்ணி ஊத்தினதோ? நம்பலாமோ?"

அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. முதல் மழை பெய்துவிட்டது.

வாரும் என்று எழுதமாட்டேன். வந்தால் உமக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வராதேயும் என்றும் எழுதமாட்டேன். அவர் என் அப்பா.

சிவலட்சுமி


நெளுக்குளம்
22.11.1997

சிவலட்சுமிக்கு,

பாஸ் கிடைத்துவிட்டது. பதினொரு நாள் வரிசையில் நின்றேன். உள்ளே போகிறவர்களைப் பைத்தியம்போலப் பார்க்கிறார்கள். வருகிற செவ்வாய் மன்னார்ப் பக்கத்தால் போகும் லொறியில் இடம். அதற்கு முதல்நாள் புறப்படும் ஒருவரிடம் இதைக் கொடுக்கிறேன். இது முந்தி வந்தால் நல்லது. இரண்டும் ஒன்றாக வந்தாலும் பரவாயில்லை. உம்முடைய வீட்டுக்கு வரமாட்டேன். நேரே அங்கேதான்.

அம்மா இரண்டு மாதமாக என்னோடு பேசவில்லை. நேற்றுப் பின்னேரம் தண்ணீர் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றா. முன்னால் நாலைந்து பேர், பின்னால் நாலைந்து பேர். மெல்லமாகச் சொல்லவில்லை.

"போறியாம்."

"ஓம் அம்மா."

"என்ன சொல்லப் போறாய்?"

"நான்தான் ஊத்தினனான் எண்டு."

"ஊத்து ஊத்து எண்டு கத்தினது ஆர்?"

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அந்த மனுசன் கையை ஆட்டினது. நானும்தான் கண்டனான். உயிர் இழுக்குது எண்டு நினைச்சன். இன்னும் ஊத்தடி எண்டனான். என்ர பேரை விட்டிட்டுச் சொன்னாயெண்டால் அதுவும் பொய்தான். பொய்யைச் சொல்ல எதுக்கு அங்க வரை போறாய்? இங்கயே இரன்."

பிறகு வாளியை முன்னால் தள்ளிவிட்டு, "அந்தக் கிழவனுக்குக் கால் வீக்கமாமே, ஆஸ்பத்திரியில ஏதும் குளிசை வாங்கலாமோ எண்டு கேள்" என்றா. நான் உமது கடிதத்தை அவாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பால்மாப் பேணியைத் திறந்து அதை எடுத்து, யாரையோ பிடித்து வாசிப்பித்திருக்கிறா. பேணியில் இருந்த காயில் இரண்டு குறைகிறது. கேட்கவில்லை.

ஆகவே எல்லோரையும் சொல்லப்போகிறேன். என் கை, அம்மாவின் வாய், அண்ணன் பிடித்த கால், வேலியில் விழுந்த உமது அப்பா, டொக்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். நீர் போட்ட ஒரு பிடியையும் "ஓம் மாமா"வையும் சொல்வேன். உமக்கு அதனால் கரைச்சல் வரலாம். அதையும் விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு இனித் தெரியாது.

புதன் காலையிலேயே அங்கே வாரும். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நில்லும். நான் உரத்துத்தான் பேசுவேன். யாரையாவது விட்டுவிட்டேன் என்று கேட்டால், காவலுக்கு நிற்பவர் என்ன சொன்னாலும் உள்ளே வந்து சொல்லும்.

பிறின்சி